அக்காவின் நடை

பிப்ரவரி 3, திங்கள்

இன்றைக்கும் கால் மடங்கியது. அதே வலது கால், அதே வளைவு. பஸ் திரும்பும்போது கணுக்கால் வெளிப்பக்கம் சரிந்து, ஒரு பெரியவர் மடியில் உட்காராத குறை. பாவம், அவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். கண்டக்டருக்கு எழுந்து இடம் கொடுத்த முதல் பயணி அவராகத்தான் இருக்கும். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஏம்மா, நான் நேராத்தானே ஓட்டறேன், நீ ஏன் தனியா வளையறே?" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய, உட்கார்ந்து அழவா?

வலிக்கவில்லை, அதுதான் வேடிக்கை. ஆரம்பத்தில் சுளுக்கும்போதெல்லாம் வீங்கும், நீலம் பாரிக்கும். இப்போது மடங்குகிறது, நிமிர்கிறது, கழன்ற கதவுக் கீல் மாதிரி. டெப்போ டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: பிசியோதெரபிஸ்ட்டிடம் போய்க் காட்டு, இல்லையென்றால் உன்னை ஆபீஸில் உட்கார வைத்துவிடுவேன் என்று.

வேலை போனால் போகட்டும் என்று கூட இருக்கிறது. பயமெல்லாம் இந்த வீட்டுப் படிக்கட்டைப் பற்றித்தான். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தினமும் காலையில் அக்கா பெண் சுண்டுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்குகிறேன். ஆறு வயது, நல்ல கனம். ஏறுவதென்றால் தானாக ஏறிவிடுவாள். இறங்கு என்றால் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கல்லாக நிற்பாள். அக்கா போனதிலிருந்து அப்படித்தான்.

அக்கா ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பிப் படி இறங்கிப் போனாள். ஆபீஸில் தலை வலிக்கிறது என்று மேஜையில் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். ஆஸ்பத்திரிக்குக் குழந்தையை அழைத்துப் போக வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். எல்லாம் முடிந்த பிறகு சுண்டு என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "அம்மா எறங்கின சத்தம் கேட்டுச்சு சித்தி. ஏறின சத்தம் இன்னும் கேக்கலியே?" அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஒரு சொட்டு அழவும் இல்லை. அக்கா கணவர் மாமாவுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். அதனால் நான் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன்.

நான் விழுந்தால் இவளும் சேர்ந்து விழுவாள். அப்படி விழாமல் நான் மட்டும் விழுந்தால், இவளுக்கு அப்புறம் யார்?

பிப்ரவரி 6, வியாழன்

மழை. என் ஷூ ஊறி, முன்பக்கம் வாயைப் பிளந்துவிட்டது. நாளைக்குக் காலை டியூட்டி.

அக்காவின் அலமாரியில் கீழ்த்தட்டில் அவளுடைய கறுப்பு ஷூ இருக்கிறது. இரண்டு பேருக்கும் ஒரே அளவு. "வேண்டியதை எடுத்துக்கோம்மா" என்று மாமா எப்போதோ சொல்லிவிட்டார். இதுவரை ஒரு கைக்குட்டை கூட நான் எடுத்ததில்லை. இன்றைக்கு எடுத்தேன்.

உள்ளே அந்த இன்சோல் இருந்தது. மறந்தே போய்விட்டேன். அக்காவுக்கும் ஆடுகிற கால், அவளுக்கு இடது. எங்கள் குடும்பத்தில் சொத்து எதுவும் இறங்கி வரவில்லை, கணுக்கால் மட்டும் வந்தது. அவள் சமர்த்து. யாரிடமோ போய் அளவு கொடுத்து, ஷூவுக்குள் போட்டுக்கொள்ள இந்த அட்டையைச் செய்து வாங்கிவிட்டாள். மேலெல்லாம் சின்னச் சின்னப் புள்ளிகளாக மேடு. இடது அட்டையில் வெளி ஓரம் கொஞ்சம் உயரம். "உள்ளங்காலுக்குப் போய் மெத்தையா, மகாராணி!" என்று நான் கிண்டல் செய்தது ஞாபகம் வருகிறது. "மெத்தை இல்லடி, முள்ளு. குத்தினாத்தான் எனக்கு நிக்கத் தெரியுது" என்றாள்.

கட்டை விரலுக்கு ஒரு குழி. அதைவிட நீண்ட இரண்டாம் விரலுக்கு ஒரு குழி. குதிகாலுக்கு வட்டமாக ஒரு பள்ளம். கால் விட்டேன். என் விரல்கள் அந்தந்தக் குழியில் போய் உட்கார்ந்தன. உடம்பு கூசியது. சட்டென்று உருவிக்கொண்டேன்.

மறுபடியும் போட்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

பகல் முழுக்க ஒரு தடவை கூட கால் மடங்கவில்லை. அந்த வளைவில் கூட. அடியில் யாரோ உள்ளங்கை கொடுத்துத் தாங்கியது போல இருந்தது. "இன்னைக்கு என்னம்மா, தூண் மாதிரி நிக்கறே? காலைல கான்கிரீட் சாப்பிட்டியா?" என்று டிரைவர் அண்ணன் கேட்டார். எனக்கு ஒரே குஷி.

சாயங்காலம் படி ஏறினேன். இரண்டாவது மாடி தாண்டும்போதுதான் என் காதில் விழுந்தது. டக் - சர். டக் - சர். இடது கால் அழுத்தி விழுகிறது, வலது கால் லேசாக இழுபடுகிறது. இது என் நடை இல்லை. பள்ளிக்கூடம் விட்டு எனக்கு முன்னால் போன நடை. நான் படுத்த பிறகு சமையலறையில் தண்ணீர் குடிக்கப் போன நடை. அப்படியே நின்றுவிட்டேன். நின்றதும் சத்தமும் நின்றது. நிற்காதா பின்னே, பைத்தியக்காரி, உன் கால்தானே.

மேலே கதவு படாரென்று திறந்தது. சுண்டு ஓடி வந்தாள். கையில் பென்சில், வாயெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலமாயிற்று! கம்பியில் தொங்கி எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் எனக்குப் பின்னால் பார்த்தாள், வேறு யாராவது ஏறி வருகிறார்களா என்று. பிறகு உள்ளே போய்விட்டாள்.

பக்கத்து வீட்டு டீச்சர்தான் நான் வரும்வரை அவளைப் பார்த்துக்கொள்வார். அவர் வாசலில் பேயறைந்த மாதிரி நின்றிருந்தார். "எனக்கே ஒரு நிமிஷம்..." என்று ஆரம்பித்து, மீதியை விழுங்கிவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த ஷூவை அப்போதே தூக்கி எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை.

பிப்ரவரி 8, சனி

இன்றும் அதையேதான் போட்டுக்கொண்டு போனேன். புது ஷூ வாங்க நேரம் கிடைக்கவில்லை.

பொய். டெப்போ வாசலிலேயே கடை இருக்கிறது.

பிப்ரவரி 12, புதன்

பிசியோவிடம் போனேன். சின்னப் பெண். வாயைத் திறந்தாலே "அக்கா". பஸ்ஸில் பாதிப் பேர் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அங்கே உறைப்பதில்லை. அந்த அமைதியான அறையில் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்கத் தோன்றியது.

எடை பார்க்கிற மிஷின் மாதிரி ஒரு பலகை. அதன் மேல் வெறுங்காலோடு, வலது காலில் மட்டும் நிற்கச் சொன்னாள். நின்றேன், கொஞ்சம் ஆட்டம், பரவாயில்லை. "இப்ப கண்ணை மூடுங்கக்கா." மூடினேன். தரை இருந்த இடத்தில் இல்லை! அந்தப் பெண் மட்டும் பிடிக்கவில்லையென்றால் ஜன்னலோடு போயிருப்பேன். நான் ஆடியதையெல்லாம் கம்ப்யூட்டர் கோடாக வரைந்திருந்தது. சுண்டு இரண்டு வயதில் சுவரில் கிறுக்கியது இதைவிடத் தேவலை.

"சுளுக்கிச் சுளுக்கி, கணுக்கால்ல இருந்து போற சேதி சரியாப் போறதில்லக்கா. கால் சாயுதுன்னு மூளைக்குத் தெரியறதுக்குள்ள நீங்க சாஞ்சிடறீங்க. இத்தனை நாளா கண்ணுதான் சமாளிச்சிட்டு இருந்திருக்கு."

"அப்ப எனக்குக் கதி?"

"உள்ளங்கால் இருக்கே. அதைக் கொஞ்சம் உசுப்பி விடணும். மெத்துமெத்துனு பஞ்சு வெச்சா சுகமா இருக்கும், ஆனா உங்களுக்குத் தரையே தெரியாது. புள்ளி வெச்ச இன்சோல் சில பேருக்கு நல்லாக் கேக்குது. கூடவே பயிற்சியும் வேணும். பல் தேய்க்கும்போது ஒத்தக் கால்ல நில்லுங்க."

என்னிடம் ஒன்று இருக்கிறது என்றேன். அடுத்த முறை எடுத்து வாங்க, பார்க்கலாம் என்றாள். யாருடையது என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

மத்தியானம் சுண்டுவைத் தூங்க வைக்கப் போனேன். பொதுவாகப் புரண்டுகொண்டே கிடப்பாள், தூங்க மாட்டாள். இன்று என் கையைப் பிடித்து, "சித்தி, அந்த ஷூவைப் போட்டுக்கோயேன்" என்றாள்.

"எதுக்குடி? வீட்டுக்குள்ள எதுக்கு ஷூ?"

"போட்டுக்கிட்டு வெளியில நட. உள்ள வராத. பேசாத."

கதவைப் பாதி சாத்திவிட்டு, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள நடைவழியில் நடந்தேன். டக் - சர். டக் - சர். எட்டிப் பார்த்தபோது கண்ணை மூடிக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தாள். முகம் அப்படி இளகியிருந்தது. கொஞ்ச நேரத்தில் தூங்கிப் போனாள். அசந்த தூக்கம்.

அவள் தூங்கின பிறகும் நான் நடப்பதை நிறுத்தவில்லை. ஏன்?

பிப்ரவரி 23, ஞாயிறு

தினம் நடக்கிறேன். சாப்பிட்டதும் ஒரு தடவை, விளக்கை அணைத்ததும் ஒரு தடவை. டியூட்டி முடித்து வந்து கால் கெஞ்சும், இருந்தாலும் நடக்கிறேன்.

இன்று காதில் விழுந்தது. அறைக்குள்ளிருந்து சுண்டு பேசுகிறாள். கணக்கில் தப்பு போட்டாளாம், பக்கத்தில் உட்காருகிற பிள்ளை பென்சிலைக் கடித்துவிட்டதாம், டீச்சர் ஆன்ட்டி வீட்டுப் பூனை குட்டி போடப் போகிறதாம். எல்லாம் கதவுக்கு இந்தப் பக்கம் நடக்கிறவளிடம். இந்த வீட்டில் எட்டு மாதமாக நான் சோறு ஊட்டுகிறேன், தலை பின்னுகிறேன், ஜுரத்தில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் ஒரு பூனைக் கதை கூட வந்ததில்லை.

எரிச்சல் வந்தது. சொல்லவே வெட்கம், செத்துப்போன அக்காவிடம் பொறாமை! ஆனால் அதையும் மீறி வேறொன்று. நானும் கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்த்தேன். கண்ணை மூடினால் விழுகிறவள் நான். விழவில்லை. குழிக்குள் என் விரல்கள், அதற்கடியில் அவள் விரல்கள் இறுக்கிப் பிடித்திருக்கிற மாதிரி. அவள் எனக்கு முன்னால் நடக்கவில்லை, எனக்குள்ளே நடக்கிறாள். வாசலில் யார் வந்து கூப்பிட்டிருந்தாலும் நான் "ம்" என்று அவள் குரலில்தான் சொல்லியிருப்பேன்.

எனக்கும் இது வேண்டியிருக்கிறது. குழந்தையின் பேரைச் சொல்லி நான் வாங்கிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 26, புதன்

பிசியோ பெண்ணோடு இன்று சண்டை. சண்டை போட்டது நான் மட்டும்தான், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அக்காவின் ஷூவோடு பலகையில் ஏறினேன். இரண்டு காலையும் ஊன்றிப் பெருமையாக நின்றேன். கண்ணை மூடியும் நின்றேன், அவள் பிடிக்கவே தேவையில்லை. "பாத்தியா!" என்றேன். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இன்னொரு தடவை நிற்கச் சொன்னாள். வலது காலில் மட்டும். பிறகு கோடுகளைக் காட்டினாள். வெறுங்காலில் ஆடியதைவிட இதில் அதிகமாக ஆடியிருக்கிறேன்.

"மிஷின்ல கோளாறு" என்றேன்.

"மிஷின்ல இல்லக்கா. இது உங்களுக்குச் செஞ்சதே இல்ல. யாருக்கோ இடது கால் மோசம், அவங்களுக்காக இடது பக்கம் தூக்கி வெச்சிருக்கு. உங்களுக்கு மோசம் வலது. இதுல வலது ஓரம் தேஞ்சு வேற போயிருக்கு பாருங்க, தானா வெளிப்பக்கம் சாயும். ரெண்டு கால்லயும் நிக்கும்போது இடது மேல பாரத்தைப் போட்டுட்டு, வலதை மறந்துடறீங்க. அதான் உங்களுக்குத் தெம்பா தெரியுது."

"எனக்குத் தெரியாதா, என் கால் நிக்குதா இல்லையான்னு?"

"தெரியாதுக்கா. அதுதானே உங்க வியாதியே."

யாருடையது என்று இப்போது கேட்டாள். சொன்னேன். சிரிப்பதை நிறுத்திவிட்டாள். அளவு கொடுக்க ஒரு பட்டறையின் விலாசம் எழுதிக் கொடுத்தாள். கைப்பையில் திணித்துக்கொண்டு வந்துவிட்டேன். போகப் போவதில்லை. அவளுக்கென்ன தெரியும்? இருபத்தைந்து வயசுகூட ஆகியிருக்காது.

மார்ச் 1, சனி

மாமா வந்திருக்கிறார்.

காலையில் நான் கடைக்குப் போய்விட்டு ஏறி வந்தபோது அவர் குளியலறையில் முகம் மழித்துக்கொண்டிருந்தார். நான் வாசலுக்கு வந்து பையை இறக்குகிறேன், உள்ளேயிருந்து குரல் வருகிறது. "வந்துட்டியாடி? பால் வாங்கினியா?" சாதாரணமாக, ரொம்ப சாதாரணமாக. அடுத்த நொடி குளியலறையில் எதுவோ விழுந்து உருண்டது. வெளியே வந்தார். ஒரு கன்னத்தில் நுரை, இன்னொரு கன்னத்தில் ரத்தம்.

"யாரு நடந்தது?"

"நான்தான் மாமா."

என் காலைப் பார்த்தார். "கழட்டு" என்றார். "கழட்டுன்னு சொல்றேன்ல! என்ன விளையாட்டு இது? கொழந்த இருக்கற வீட்ல..." கத்தினார். எட்டு மாதத்தில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கழட்டி மூலையில் வைத்தேன். சுண்டு கதவிடுக்கில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட அழைத்தேன், வரவில்லை. மத்தியானம் அவராக எழுந்து வந்தார். அந்த ஷூவை எடுத்து என் முன்னால் வைத்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒரே ஒரு தடவ நடம்மா. நான் அந்த ரூம்ல உக்காந்துக்கறேன்."

நடந்தேன். அறையில் அப்பாவும் பெண்ணும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். நானும் கேட்டேன். மூன்று பேரும் வாயைத் திறக்காமல் ஒரு செத்தவளின் நடையைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அப்படியானால் நடந்துகொண்டிருந்தது யார்? நான் எங்கே போனேன்? இப்போது நான் நின்றால் அவள் இரண்டாவது தடவை செத்துப்போவாள். அந்தப் பயத்திலேயே கால் ஓய்கிறவரை நடந்தேன்.

மார்ச் 3, திங்கள்

இன்றைக்கு டியூட்டிக்குப் போகவில்லை, லீவு சொல்லிவிட்டேன்.

காலையில் சுண்டுவைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அக்காவின் ஷூதான். இரண்டாவது மாடித் திருப்பத்தில் வலது கால் வெளிப்பக்கமாகப் படுத்துவிட்டது. முழுசாக. கம்பியைப் பிடித்தேன், தோள் சுவரில் மோதியது, சுண்டுவின் நெற்றி சுவரில் இடித்தது. ணங்கென்று கேட்டது. என் உயிர் என்னிடம் இல்லை. ஐயோ, ஐயோ என்று படியில் உட்கார்ந்துவிட்டேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நெற்றியில் எலுமிச்சங்காய் அளவுக்குப் புடைத்துக்கொண்டு வருகிறது. அவள் அழவில்லை. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, என் காலைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "பரவால்லம்மா. மெதுவா எறங்கு."

சித்தி என்று சொல்லவில்லை. என்னைப் பார்த்தும் சொல்லவில்லை.

பிசியோ பெண் சொன்னபோதே கேட்டிருக்க வேண்டாமா? வலது ஓரம் சாய்கிறது என்று படித்துப் படித்துச் சொன்னாளே. சுகமா இருக்குன்னு போட்டுக்கிட்டு திரிஞ்சியே, இந்தப் புள்ளை தலை பொளந்திருந்தா? அக்காகிட்ட என்னன்னு சொல்லுவே? இனிமே இதை என் கால்ல மாட்டினா பாத்துக்கோ.

விலாசத்தைக் கைப்பையில் தேடி எடுத்துவிட்டேன்.

மார்ச் 5, புதன்

பட்டறையில் அளவு கொடுத்தேன். நுரைக்கட்டி வைத்த பெட்டியில் ஒவ்வொரு காலாக அமுக்கச் சொன்னார்கள். காலை எடுத்தபோது என் பாதம் அதில் பதிந்திருந்தது. இரண்டாம் விரல் எனக்கு அவ்வளவு நீளமில்லை! நாற்பது வயதை நெருங்கப் போகிறேன், இன்றுதான் என் காலைப் பார்க்கிறேன்.

"பழைய ஜோடி ஏதாவது இருக்கா, அதப் பாத்து அதே மாதிரி செய்யணுமா?" என்று பட்டறைக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

மார்ச் 15, சனி

புது இன்சோலும் வந்துவிட்டது, டெப்போ வாசல் கடையில் புது ஷூவும் வாங்கியாயிற்று. வலது வெளி ஓரம் உயரம், மேலே புள்ளிகள். குத்துகிறது. குழி எதுவும் இல்லை, யாரும் தாங்கவில்லை, மொட்டைத் தரை. பிசியோ பெண்ணின் பலகையில் ஏறிக் கண்ணை மூடினேன். ஆடினேன், பயந்தேன், ஆனால் நின்றேன். கோடு கொஞ்சம் ஒழுங்காக இருந்தது. "அற்புதம்லாம் நடக்காதுக்கா, பயிற்சிய விடாதீங்க" என்றாள்.

நன்றாக நிற்கிறேன் என்று தெரிந்தபோது ஏன் அழுகை வந்தது என்று அவள் கேட்கவில்லை. நல்ல பெண்.

அக்காவின் ஷூவை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். தூக்கிப் போட மனசு வரவில்லை.

மார்ச் 17, திங்கள்

லீவு முடிந்து இன்றைக்குத்தான் புது ஷூவோடு முதல் டியூட்டி. சாயங்காலம் படி ஏறினேன். தொப், தொப், தொப். யானை ஏறுகிற மாதிரி ஒரே சீரான சத்தம். கதவு திறக்கவில்லை. தட்டினேன்.

"யாரு?"

"நான்தான் சுண்டு. சித்தி."

"நீ வேணாம். அவங்கள வரச் சொல்லு."

டீச்சர் உள்ளேயிருந்து கதவைத் திறக்க வந்தார். வேண்டாம், அவளே திறக்கட்டும் என்றேன். வாசலில் தரையில் உட்கார்ந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவளும் உட்கார்ந்தது தெரிந்தது.

"சித்தி, நீ அந்த ஷூவைப் போட்டுக்கிட்டு கீழ போயி மறுபடி ஏறி வாயேன்."

"மாட்டேண்டா."

"ஒரே ஒரு வாட்டி."

"அது நான்தாண்டா. எல்லா வாட்டியும் நான்தான் நடந்தேன். உனக்கும் தெரியும்."

கதவின் அடியிடுக்கில் விரலை விட்டுச் சுரண்டினாள். அப்புறம் சின்னக் குரலில் கேட்டாள். "அம்மா ஏறி வர மாட்டாளா?"

எட்டு மாதமாக எல்லாரும் சுற்றி வளைத்துப் பேசிய கேள்வி. தூரமாகப் போயிருக்கிறாள், வானத்தில் இருக்கிறாள், நீ சமர்த்தாக இருந்தால் கனவில் வருவாள். நானும்தான் சொல்லியிருக்கிறேன்.

"மாட்டா. அம்மா செத்துட்டா சுண்டு. இனிமே ஏறி வர மாட்டா."

கதவைக் காலால் உதைத்தாள். உதைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு வந்தது அந்த அழுகை. குழந்தை அழுகிற மாதிரி இல்லை. மாடி மாடியாகக் கதவு திறந்து எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். தாழ்ப்பாளை எப்போது திறந்தாள் என்று தெரியாது, என் மேல் வந்து விழுந்தாள். என்னை அடித்தாள், கடித்தாள், என் தோளில் முகத்தை வைத்து அம்மா அம்மா என்று அலறினாள். நானும் அலறினேன். இரண்டு பேரும் வாசலிலேயே கிடந்தோம். டீச்சர்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து உள்ளே கூட்டிப் போனார்.

தோளில் பல் பதிந்திருக்கிறது. வலிக்கிறது. நல்லது.

மார்ச் 22, சனி

சுண்டு என்னோடு பேசுவதில்லை. தூங்கப் போகும்போது கூட நடக்கச் சொல்லவில்லை. ஆனால் தினமும் அழுகிறாள், சாப்பிடுகிறாள், மறுபடி அழுகிறாள்.

மாமாவிடம் போனில் சொன்னேன். அந்தப் பக்கம் கிரேன் ஓடுகிற சத்தம். "நல்லதுதாம்மா" என்றார். பிறகு, "எனக்கும் யாராவது சொல்லணும்போல" என்றார்.

மார்ச் 30, ஞாயிறு

சுண்டுவை டீச்சர் பூனைக்குட்டி பார்க்க அழைத்துப் போனார். வீட்டில் நான் மட்டும். அலமாரியைத் திறந்தேன்.

போட்டேன். நடந்தேன். குழந்தைக்காக இல்லை, மாமாவுக்காக இல்லை. டக் - சர். சமையலறை வரை போய்த் திரும்பும்போது "அடியே, நான் என்னடி பண்ணட்டும்?" என்று வாய்விட்டுக் கேட்டேன். நின்றேன். அவளும் நின்றாள்.

அவ்வளவுதான். கழட்டி வைத்துவிட்டுத் துணி துவைத்தேன்.

ஏப்ரல் 9, புதன்

சுண்டு இன்று தன் காலால் இறங்கினாள். என் விரலைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. டிரைவர் அண்ணன் திட்டித் தீர்த்தார். திட்டட்டும்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் மட்டும், "இங்க பாத்து வை சித்தி" என்றாள்.

ஏப்ரல் 19, சனி

மூன்று நாளாக ஜுரம். உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. இன்றுதான் பேனாவைப் பிடிக்க முடிகிறது.

நேற்று மத்தியானம் தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் கிடந்தேன். நடைவழியில் யாரோ நடக்கிறார்கள். போகிறார்கள், திரும்பி வருகிறார்கள். ஜுரத்திலும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வந்துவிட்டாள் என்றே நினைத்தேன். நாம்தான் நடக்கவில்லையே, அவளே வந்துவிட்டாள். காது கொடுத்துக் கேட்டேன். டக் இல்லை, சர் இல்லை. வெறுங்கால், சின்னக் கால், கொஞ்சம் அவசரமான கால். கதவிடுக்கில் பார்த்தேன். சுண்டு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரி போய்ப் போய் வந்துகொண்டிருந்தாள்.

"என்னடி பண்றே?"

"நடக்கறேன். நீ தூங்கணும்ல?"

எனக்குக் கேட்கப் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். "யார் மாதிரி நடக்கறே?"

நின்று யோசித்தாள். ஏதோ முட்டாள்தனமான கேள்வி கேட்டுவிட்ட மாதிரி என்னைப் பார்த்தாள்.

"யார் மாதிரியும் இல்ல. நான்தான் நடக்கறேன். பேசாம தூங்கு."

கண்ணை மூடிக்கொண்டேன். சாயங்காலம் டீச்சர் வந்து எழுப்பும்வரை தூங்கினேன்.